விளையாடும்போது மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

சிதம்பரத்தில் என் மாமியார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் குற்றவாளி யாரென்று யாரும் தேட மாட்டார்கள். நான்தான். பகலெல்லாம் அதில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்ப்பேன். அப்போது நிற்காது. சாயங்காலம் வேலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். அப்போதுதான் திரை கறுத்து, தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கும்.

"பொம்பளைக்கு என்னாத்துக்கு இந்த டுமீல் டுமீலு? மெஷினுக்கே புடிக்கல பாரு" என்பார் அத்தை.

வைத்தியம் பார்க்க வந்தவன் என் கொழுந்தன். கம்ப்யூட்டர் படித்தவன். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தான். டிரைவரை மாற்றினான். என்னைக் கேட்காமலே விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டான். மாதக்கணக்கில் ஆடி நான் எட்டியிருந்த கட்டமெல்லாம் அதோடு போயிற்று.

"போனா போவுது அண்ணி, கேம்தானே" என்றான்.

அவன் பைக்கைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு, போனால் போகிறது, பைக்தானே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. அத்தனை வைத்தியத்துக்குப் பிறகும் கம்ப்யூட்டர் நின்றது. அவனுக்கு என் கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு கண் என்பது எனக்குத் தெரியும். என் சம்பளத்தில் வாங்கியது அது. அது இல்லாவிட்டால் கணக்கு வேலை நடக்கும், ஆட்டம் நடக்காது. கடைசியில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா அந்தக் கார்டக் கழட்டி அவங்கிட்ட குடுத்துடு. வீட்ல தெனம் ஒரே ரோதனையா இருக்கு."

அந்த வாரக் கடைசியில் சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். சிப்காட் ஃபாக்டரிகளின் கெமிக்கல் வாடை மூக்கில் ஏறியதும் நிம்மதியாக இருந்தது. முதுநகரில் அம்மா வீட்டு டிவியில் இணைத்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெறி பிடித்தவள் போல ஆடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அம்மா சோற்றைத் தட்டில் போட்டு எதிரே வைத்துவிட்டு, "இதுக்கா பஸ்ஸு புடிச்சு வந்த?" என்றாள். ஆமாம், இதற்குத்தான் வந்தேன்.

திரும்பி வந்து சொன்னால் நம்புவார்களா? "பஸ்ஸுல குலுங்குனதுல எங்கியோ லூஸ் கனெக்சன் சேந்துக்கிச்சு அண்ணி" என்றான் கொழுந்தன். அன்று சாயங்காலம் பரிசோதனை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். கொழுந்தன் ஓயாமல் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்ததால் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினேன். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அதே நொடி திரை கறுத்தது.

"நின்னுடுச்சு" என்றான். ஸ்குரூ டிரைவர் ஏற்கெனவே கையில் இருந்தது.

"தொடாத" என்றேன். போட்ட சத்தத்தில் எனக்கே தொண்டை எரிந்தது.

ஆடும்போதெல்லாம் காதை மூடிக்கொண்டிருந்ததால் அந்த 'டக்' எனக்குக் கேட்டதே இல்லை. அது பிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சத்தம். அண்ணியின் கம்ப்யூட்டருக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கொழுந்தன்தான் ஆரம்பத்தில் அதிலிருந்தே ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தான். பிரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் 'டக்' என்று மாறும். கண் இமைக்கும் நேரம் கரண்டு விட்டு வரும். கணக்கு வேலையில் கம்ப்யூட்டர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டத்தில் கார்டு கரண்டை முழுசாக இழுக்கிறபோது தாங்காது.

ஒயரைப் பிடுங்கிச் சுவரிலிருந்த வேறு பிளக்கில் சொருகினேன். மறுபடி ஆடினேன். பிரிட்ஜ் கிளம்பியது, டக் என்றது, ஆட்டம் ஓடியது. இன்னொரு முறையும் காட்டினேன். கொழுந்தன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அத்தை மட்டும் விடவில்லை. "அந்த ஸ்டெபிலைசரு யாரு வூட்டு சீரு? கடலூர்லேர்ந்து வந்ததுதான?" ஆமாம், பிரிட்ஜோடு என் அப்பா வாங்கிக் கொடுத்ததுதான். அதில் ஒயர் சொருகியவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எல்லோரும் போனபிறகு கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் ரொம்பத் தன்மையாக இருந்தது. "அதான் கண்டுபுடிச்சிட்டியே. உன் சாமர்த்தியம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இப்பவாவது அந்தக் கார்ட அவங்கிட்ட குடுத்துடு. அம்மாவும் நிம்மதியா இருப்பாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் நிற்பது இந்த வீட்டில் யாருக்கும் கவலையாகவே இருந்ததில்லை. நிற்காமல் போனதுதான் இப்போது கவலை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"குடுக்க மாட்டேங்க" என்றேன்.

அன்று ராத்திரி யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.