பெயர் சொல்லாத அழைப்பு

ராயபுரத்து ஃப்ளோரன்ஸுக்கு இருபத்தாறு வருடமாக ஒரே வேலை, துறைமுக வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து கப்பல்களோடு பேசுவது. குரலை வைத்து அவளுக்குத் தெரிந்த கேப்டன்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிடுகிறவன், தான் யாரைக் கூப்பிடுகிறானோ அவர்கள் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஆபத்தில் அலறும் குரலைத் தவிர, பெயர் சொல்லாத குரலுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு மதியம், பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளன் பகலவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அக்கா, வானத்துல வேற எவனாச்சும் கீறானான்னு அறுவது வருசமா விஞ்ஞானிங்க ரேடியோவுல காது வெச்சி கேட்டுகினு கீறாங்களாம். ஒரு சத்தமும் வர்லியாம். அப்போ எவனும் இல்லதானே?"

"வெளிய எத்தினி கப்பல் நங்கூரம் போட்டுகினு நிக்குது?"

"பதினேழு."

"காலைலேர்ந்து நம்மகிட்ட பேசுனது?"

"ரெண்டு."

"மிச்சத்தக் கடல் முழுங்கிச்சா?" என்று எரிந்து விழுந்தாள் ஃப்ளோரன்ஸ்.

"சரிக்கா, கீறான்னே வெச்சிக்கோ. என்னிக்காச்சும் நம்மளக் கூப்டுவானா?"

அவள் டீயை எடுத்து ஊதினாள். அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. புரியாத மொழி, பதற்றமில்லாத பேச்சு. யார் பெயரும் அதில் இல்லை. சொன்னதையே மூன்று முறை சொல்லிவிட்டு அடங்கியது. இருவருமே மைக்கைத் தொடவில்லை. பகலவன் மறுபடி செல்போனுக்குக் குனிந்தான்.

"இப்ப ஒருத்தன் கூப்ட்டானே," என்றாள் ஃப்ளோரன்ஸ், "நாம இன்னா பண்ணோம்?"