வில்லுக்கு ஒட்டிய பொட்டு

அந்த வில்லை நான் தேடிப் போகவில்லை. தகனினியில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டில் எனக்கு முன் இருந்தவன் பேர்த் நகரத்துக்குப் போகும்போது கராஜில் விட்டுவிட்டுப் போனது அது. இரு முனையிலும் சக்கரமும் குறுக்கே கேபிளும் உள்ள வேட்டை வில். போனில் கேட்டேன். விமானத்தில் ஏற்றுவது பெரிய தொல்லை, நீயே வைத்துக்கொள் என்றான்.

வில்லில் எல்லாம் இருந்தது, அம்பு உட்காரும் தாங்கி மட்டும் இல்லை. கைப்பிடிக்கு மேலே திருகாணி போட்ட இரண்டு துளைகள்தான் மிச்சம். தாங்கி இல்லாவிட்டால் அம்பு நிற்க இடமில்லை. ஆறு மாதம் அது சுவரில் தொங்கியது. நான் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு வவுனியா, கொழும்பு, தோஹா, பினாங்கு. தோஹாவில் பதினான்கு பேர் ஓர் அறையில் படுத்தோம். பினாங்கில் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், எண்ணெய் டின்களுக்கு நடுவே படுக்கை. இப்போது எனக்கென்று கதவுள்ள ஓர் அறை இருக்கிறது. அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை என்பது வந்து சில மாதங்களில்தான் உறைத்தது.

வேலை மனுகாவ் பக்கம் ஒரு குளிர்க்கிடங்கில். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நானும், மலேசியாவில் இருந்து வந்த ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பிளாட் புஷ் என்ற பகுதியில் வீடு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வில்லு வச்சிருக்கீங்களாமே?"

"கிடக்கு. அம்பு வைக்கத் தாங்கி இல்லை."

"ரெஸ்ட்டா? அது ஒரு பெரிய சாமானா லா! நானும் மச்சானும் ஆடு அடிக்கப் போவோம்ணே, வைகாட்டோ பக்கம் ஒரு பண்ணைக்கு. மச்சான் பிரிஸ்பேன் போயிட்டான். இப்ப கார்ல பக்கத்து சீட்டு காலியா கெடக்கு. ரெஸ்ட்ட மாட்டுங்க, வாங்க."

"எப்ப?"

"புரட்டாசி முடியட்டும். வீட்ல ஒரு மாசம் சைவம். இப்பப் போய் ஆட்டோட நின்னா, என் பொண்டாட்டி என்னைய வெட்டிக் கறி வச்சிடுவா."

"அவ சைவம் எண்டு சொன்னீர்?"

"எனக்காக விரதத்த முறிச்சிடுவாண்ணே."

சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினான். பண்ணைக்காரர் இரண்டு பேருக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார். காட்டு ஆடுகளை அடிக்க விடுவதே பெரிய தயவு. அம்பு பட்டுச் சாகாமல் இழுத்துக்கொண்டு திரியும் ஆடு ஒன்று அவர் கண்ணில் பட்டால் அதோடு சரி, கேட்டு மூடிவிடும். "அதனால பிஸ்கட் ரெஸ்ட்டா வாங்குங்க. வேற எதுவும் வேணாம்," என்றான்.

எனக்கு ஆட்டிறைச்சி மேல் பெரிய ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பது டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது மட்டும், அதுவும் நன்றி சொல்வதற்கு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பக்கத்தில் ஒருவன் தமிழில் பேசிக்கொண்டே கார் ஓட்டுவான். எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

வில் சாமான்கள் விற்கும் கடையில் இரண்டு வகைத் தாங்கிகளை மேசையில் எடுத்து வைத்தார்கள். முதலாவது, அவன் சொன்ன பிஸ்கட். வட்டமான ஒரு தூரிகை, நடுவில் ஒரு துளை. அம்பை அதற்குள் விட்டால் சுற்றிலும் உள்ள தும்பு பிடித்துக்கொள்ளும். வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு விழாது. எய்யும்போது அம்பின் வால் இறகுகள் அந்தத் தும்பை உரசிக்கொண்டு போகும், அதுதான் குறை. இரண்டாவது, இரு கொம்புள்ள ஒரு சின்னக் கவை. அதில் இருந்து ஒரு கயிறு வில்லின் கேபிளுக்குப் போகிறது. நாணை இழுத்தால் கவை எழுந்து அம்பைத் தாங்கும். விட்ட கணத்தில் மடிந்து விழுந்துவிடும். அம்பு எதிலும் படாமல் போகும்.

எனக்குக் கவைதான் பிடித்தது. எதிலும் படாமல் போவது என்ற எண்ணம் பிடித்தது. பிஸ்கட் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதும் மனதில் இருந்தது. என் வயதில் அவனுக்கு முன்னால் பழகுகிறவனாகப் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. கடையில் எதுவும் வாங்காமல் வந்து, பாப்பகுராவில் ஒருவரிடம் பழைய கவை ஒன்றை வாங்கிப் பொருத்தினேன்.

பழையது என்பதால் கொம்புகளில் ஒட்டியிருந்த மெத்துத் துணி தேய்ந்து போயிருந்தது. நாணை இழுக்கும்போது அம்பு வெறும் இரும்பில் உரசிக் கிறீச்சிட்டது. ஆட்டுக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். ஏதாவது மெத்தென்று ஒட்டு என்றார், வில் பழகும் மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரர்.

அந்த வாரம் தமிழ்க்கடையில் தேங்காய்ப்பால் டின்னோடு நிற்கும்போது கல்லாவின் பக்கத்தில் அதைக் கண்டேன். பொட்டு அட்டை. வெல்வெட், பின்பக்கம் பசை, கொம்பின் அளவுக்கே வெட்டியது மாதிரி வட்டம். கறுப்பு முடிந்திருந்தது. அரக்கு நிறம் எடுத்தேன்.

கடைக்காரி யாழ்ப்பாணத்துப் பெண். ஐந்து வருடமாக எனக்கு ஒரு ஆளுக்கான சாமான் கட்டித் தருகிறவர். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, ஆள் வந்திட்டாவோ?"

"இல்லை. இது வில்லுக்கு."

"வில்லுக்குப் பொட்டோ?"

"ஓம். அம்பு உரசாமல் இருக்க."

"சரி, சரி. ஒளியுங்கோ. ஒருநாளைக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருவியள்தானே, அப்ப பாப்பம்."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்புகிற மாதிரி அது இல்லை.

கொம்புக்கு ஒன்றாக இரண்டு பொட்டு ஒட்டினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. எந்த வேட்டைக்காரனுக்கும் இது தோன்றியிருக்காது என்று எனக்குள் ஒரு பெருமை. வேலை முடிந்த பின்னேரங்களில் மைதானத்துக்குப் போய் எய்து பழகினேன். இருபது மீட்டரில் என் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழத் தொடங்கின. மழை பெய்தால் கூரைக்குக் கீழே நின்று எய்தேன். அதுதான் பிழை, ஆனால் அப்போது தெரியாது.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு விடியுமுன் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். மகன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், வீட்டுக் கடன் வட்டி ஏறிவிட்டது, மாமியார் வரப்போகிறார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதம் முழுவதும் நான் காத்திருந்தது இதற்காகத்தான்.

பண்ணையில் தூறல். முள்பற்றைக்குள் மூன்று மணி நேரம் நடந்தோம். வில்லில் இருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு பள்ளத்தின் மறுகரையில் ஆறு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் என் தோளைத் தொட்டு, நீங்கள் முதலில் என்று சைகை காட்டினான். முதல் அம்பு அவனுடையதாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தான்.

நாணை இழுத்தேன். கிறீச் என்றது.

ஆறு தலைகளும் நிமிர்ந்தன. ஈரத்தில் பசை விட்டு ஒரு பொட்டு கழன்றிருந்தது. மற்றது சுருண்டு அம்புக்கும் கொம்புக்கும் நடுவே ஏறி, அம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெட்டையாடு ஒன்று பக்கவாட்டில் அசையாமல் என்னையே பார்த்தது. அம்பை விட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றிலோ காலிலோ பட்டால் ஆடு ஓடிவிடும், பண்ணைக் கேட்டும் மூடிவிடும்.

நாணை மெல்லத் தளர்த்தினேன். தளர்த்தினால் கவை மடியும், அதன் வேலை அது. மடிந்தது. அம்பு சரிந்து கைப்பிடியில் டக்கென்று அடித்துக் கல்லில் விழுந்தது. ஆடுகள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டன.

"என்னா சத்தம்ணே அது? தகர டப்பாவா?"

குனிந்து அம்பை எடுத்தான். தண்டில் அரக்குப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னா... பொட்டு?"

"சத்தம் வராமல் இருக்க ஒட்டினன்."

ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "அம்புக்குப் பொட்டு வச்சிக் கூட்டியாந்திருக்கீங்க! பூ எங்கண்ணே? பூவும் வச்சிருந்தா ஆடு நின்னு பாத்திருக்கும்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிஸ்கட் வாங்கச் சொன்னேனா இல்லையா?" என்றான்.

"ஓம், சொன்னனீர்."

அன்று வேறு ஆடு கிடைக்கவில்லை. காரில் ஏறியதும் அந்தப் பொட்டைப் பின்பார்க்கும் கண்ணாடியின் மூலையில் ஒட்டினான். வீட்டில் குளியலறைக் கண்ணாடி முழுக்க இப்படித்தான் என்றான். தகனினியில் இறக்கிவிடும்போது, "பிஸ்கட் மாட்டிட்டுச் சொல்லுங்கண்ணே," என்றான்.

பிறகு பார்க்கலாம் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரர்கள், முதலாளிகள், ஒரு பெண்ணின் தமையன். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பிஸ்கட் வாங்கி மாட்டிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்பது மாதிரி ஆகிவிடும். கேட்டு இல்லை என்று வாங்குவதைவிடக் கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம். சாப்பாட்டு நேரத்தை அரை மணி தள்ளி எடுத்தேன். ஃபோர்க்லிஃப்டில் போகும்போது அவன் கையைத் தூக்குவான், நானும் தூக்குவேன். மூன்று ஞாயிறு போனது. தமிழ்க்கடையில், "அவவுக்கு அரக்கு நிறம் பிடிக்கேல்லையோ, கறுப்பு வந்திருக்கு," என்றார் கடைக்காரி. தேங்காய்ப்பாலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான்காவது வாரம் வேலை முடிந்து கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து நடந்தேன். அவன் காரின் கண்ணாடி மூலையில் அந்தப் பொட்டு இன்னும் இருந்தது. வெயிலில் ஓரம் வெளுத்திருந்தது. என்னை வேண்டாம் என்று நினைத்த ஒருவன் இதை முதல் நாளே உரித்து எறிந்திருப்பான். அப்படியே நின்றேன். அவன் வந்தான்.

"பிஸ்கட் போட்டிட்டன்," என்றேன்.

"எப்ப?"

"அடுத்த செவ்வாயே."

கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தான். "என்னா ஆளுண்ணே நீங்க! நான் சிரிச்சது கோவம் போல, பேச்சே இல்லையேன்னு வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன். அவளும் திட்டினா, வயசான மனுசன ஏன் அப்படிச் சிரிச்சேன்னு." கொஞ்சம் யோசித்தான். "இந்த ஞாயிறு ஒரு ஃபிஜிக்காரனுக்குச் சொல்லிட்டேன். அதுக்கு அடுத்தது உங்களுக்கு. சரியா?"

"சரி."

"அன்னிக்கு ஆட்டு மேல அம்ப விடாம இருந்தீங்க பாருங்க. மச்சானா இருந்தா விட்டிருப்பான்."

அந்த ஞாயிறு நான் மைதானத்துக்குப் போனேன். மழை. கூரைக்குக் கீழே நிற்காமல் வெளியே வந்து நின்று எய்தேன். அம்பு தும்பு வளையத்துக்குள் அசையாமல் இருந்தது. வேறு யாரும் வரவில்லை. ஆறு அம்பு எய்வேன், நடந்து போய்ப் பிடுங்குவேன், திரும்பி வருவேன். அவனும் ஃபிஜிக்காரனும் இந்நேரம் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று இடையில் ஒரு தடவை கைப்பேசியில் மணி பார்த்தேன்.