காதுகுத்துக்கு வந்த சிரிப்பு நடிகர்

தங்கையின் காதுகுத்துக்குப் பெரியப்பா வந்திருந்தார், மாமா வந்திருந்தார், மணிமங்கலத்தில் கறிச்சோறு என்றால் வருகிற எல்லோரும் வந்திருந்தார்கள். டிவியில் வாராவாரம் குடிகாரனாக வந்து சிரிக்கவைக்கும் நடிகரும் வந்திருந்தார். அவருடைய மனைவி மட்டும் வரவில்லை. எங்கே போனாலும் கூடவே வருபவராம்; அன்று அவருக்குக் காய்ச்சல்.

அது தொண்ணூற்றொன்று. அந்தத் தொடருக்கு விளக்குச் சாமான் ஏற்றும் வேனை மாமா ஓட்டினார். அந்தப் பழக்கத்தில்தான் அழைத்துவந்தார். தொடரில் நடிகர், மனைவியாக வருபவரின் தலையில் கைவைத்து, "இன்னையோட வுட்டாச்சு" என்று சத்தியம் செய்வார். அடுத்த காட்சியிலேயே தள்ளாடிக்கொண்டு வருவார். இன்று ஒரகடத்துக்கு நான் போகும் கம்பெனி பஸ்ஸில்கூட, இனி ஓ.டி. பார்க்கமாட்டேன் என்கிறவன் அதையேதான் சொல்கிறான். அவரைப் பார்த்தே இராத பையன்கள் சிரிக்கிறார்கள்.

விருந்தில் ஆண்களுக்கு வைக்கோல்போருக்குப் பின்னால் தனி ஏற்பாடு உண்டு. முதல் டம்ளரை விருந்தாளி வாங்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். பெரியப்பா நீட்டினார்.

"வேணாங்க. டாக்டர் சொல்லிட்டாரு. வுட்டாச்சு," என்றார் நடிகர்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் நாங்களும் ஓடிவந்தோம்.

"சத்தியமாங்க. ஈரல் கெட்டுப்போச்சு."

"டிவில சொல்றாப்பலயே சொல்றாரு பார்றா!"

வேனில் வரும்போதே அவர் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மாமா குறுக்கே வந்தார். "மச்சான், நெஜமாவே தொடக்கூடாதாம். தொட்டா ஆளு தங்கமாட்டாருன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

"இன்னாடா, வேன் ஓட்டிக்கினே நடிக்கவும் கத்துக்கினியா?" என்றார் பெரியப்பா.

அதற்கும் சிரிப்பு. நடிகர் கும்பிட்டார், சிரித்தோம். அவர் கண் கலங்கியது, பெரியப்பா அவர் தோளைத் தட்டி, "பலே!" என்றார். டம்ளர் நீட்டியபடியே இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் வாங்கிக் குடித்தார். பிறகு வைக்கோல்போரைச் சுற்றித் தள்ளாடி நடந்து காட்டினார். டிவியில்கூட அவ்வளவு நன்றாக நடந்ததில்லை.

புறப்படும்போது மாமாவின் கையைப் பிடித்து, "வூட்ல சொல்லிடாதப்பா," என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை என்று மாமா சொன்னார். அடுத்த பொங்கலுக்குள் பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெரியப்பா மறுபடி படிக்கச் சொன்னார், தப்பில்லாமல் படித்தேன். அவர் ஏன் சாப்பிடாமல் எழுந்துபோனார் என்று எனக்குப் புரியவில்லை. காதுகுத்தன்று விருந்தாளிக்கென்று படப்பையிலிருந்து நல்ல சரக்காக வாங்கிவந்தவர் அவர்தான். அப்பாவின் செலவில் சேர்க்கக்கூடாது என்று பிடிவாதமாகத் தன் பையிலிருந்தே கொடுத்தார். பிராந்திக்கும் சோடாவுக்குமாக இருபத்தாறு ரூபாய்.