நாற்காலியைத் திருப்பிப் போட்ட ஞாயிறு

ஒயரின் சிவப்பு முனையைக் கழற்றி வெள்ளைத் துளையிலும், வெள்ளை முனையைக் கழற்றிச் சிவப்புத் துளையிலும் செருகிவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து நான் தலையை நிமிர்த்திய அந்தக் கணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. விரல்களில் தூசி. பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிரே பிரம்பு நாற்காலியில் மேனேஜர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "இப்ப எப்படி சார் இருக்கு?" என்றேன். "அதே மாதிரிதான் தம்பி. ரைட் சைடு டல்லாதான் இருக்கு" என்றார்.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். அவர் அங்கே பர்ச்சேஸ் மேனேஜர். ஒரு போல்ட் வாங்குவதென்றாலும் மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்டு, கட்டம் போட்ட தாளில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பார். வீட்டில் சேர்த்து வைத்திருந்த சிடிக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவருக்கு ஒரு குறை இருந்தது. மவுஸை அசைத்தால் ஸ்பீக்கரில் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது, அதை ஒலியாக மாற்றும் வேலையை அந்த இரைச்சலுக்குள்ளேயே செய்யாமல் வெளியே ஒரு தனிப் பெட்டியில் செய்தால் சுத்தமாக இருக்கும், அந்தப் பெட்டிக்கு டிஏசி என்று பெயர் என்று நான்தான் சொன்னேன். மறுநாளே கட்டம் போட்ட தாளோடு என் மேஜைக்கு வந்துவிட்டார்.

அவருக்கு உதவத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு வாடகை அறையில், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டவன் நான். எந்த டிஏசிக்குள் எந்த சிப் இருக்கிறது, எது எப்படி ஒலிக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் ஆபீஸ் நேரத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றைக்கூடக் காதால் கேட்டதில்லை. நெல்லித்தோப்பில் அவர் வீட்டு முன்னறைதான் எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்காருவோம். உள்ளே அவர் மனைவி மீன் கழுவும் ஓசை கேட்கும். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர் அவர். தெருவே டீச்சர் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான்.

சென்னைக்குப் பஸ்ஸில் போய் முதல் டிஏசியை வாங்கி வந்தோம். ஈச்சத்தம் ஒழிந்தது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே, வலது பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது, பெட்டியில் ஏதோ கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது. அதனால்தான் அன்று ஒயரை இடம் மாற்றினேன். கோளாறு பெட்டியில் இருந்தால், ஒயரை மாற்றியதும் குறை இடது பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் வலதுதான் என்றார்.

அந்த அறையில் நான் இன்னும் இடம் மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். "சார், கொஞ்சம் எழுந்திரிங்க" என்று சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதே பாட்டை மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "இப்ப அந்த ஸ்பீக்கர் டல்லாயிடுச்சே" என்று இன்னொன்றைக் கைகாட்டினார்.

எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய வலது காதுதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என் முகத்தையே பார்த்தார். "ஒரு தடவ காதைக் காட்டிடுங்க சார்" என்று சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகாது. நான் சொன்னது வேறு. "செவுரு சார். இந்தப் பக்கம் செவுரு, அந்தப் பக்கம் ஜன்னல். ரூமே அப்படி. நல்ல டிஏசி வந்தா இதெல்லாம் சரியாயிடும்."

சுவரால் வருகிற குறை டிஏசி மாற்றினால் போகாது என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் சொன்னேன்? அவருடைய தம்பி பிரான்ஸில் குடியிருந்தார், அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரவிருந்தார். அவரிடம் சொல்லி வரவழைக்க ஒரு டிஏசியை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். எத்தனையோ மாதங்களாகப் படத்தை மட்டும் பார்த்து ஏங்கிய பெட்டி அது. குறை காதில் என்று தெரிந்தால் அந்தப் பெட்டி வராது. இதற்கு மேல் இதில் ஆழமான காரணம் ஏதுமில்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டு, "ஆமா, செவுருதான்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் பின்னாலேயே வந்தார். உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீ வாராவாரம் அவருகூட உக்காந்து பாட்டு கேக்குற. அவருக்குக் காது நல்லா கேக்குதா?" என்றார்.

"ஏன் டீச்சர்?"

"நான் பேசுறது ஒண்ணுமே புரியலங்குறாரு. வாய்க்குள்ளயே முணுமுணுக்குறேன்னு கோவப்படுறாரு. நேத்து சாப்பாட்டுத் தட்ட வச்சிட்டு எழுந்து போயிட்டாரு."

கேள்வி அவ்வளவு நேரடியாக வந்து நின்றது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "அவரு காதுக்கு என்ன டீச்சர்! வயலின்ல ஒரு கம்பி தப்பினாக்கூடக் கண்டுபிடிக்குறாரு. நீங்கதான் ஸ்கூல்ல நாள்பூரா கத்திட்டு வந்து வீட்ல மெதுவா பேசுறீங்க போல" என்றேன்.

டீச்சர் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேனேஜரின் தம்பி பிரான்ஸிலிருந்து வந்தார், பெட்டியும் வந்தது. கறுப்பு நிறம், ஒரு புத்தகத்தின் கனம். அன்று நான் கேட்டது போன்ற இசையை அதற்கு முன் கேட்டதில்லை. பாடகர் மூச்சை இழுப்பதும், யாரோ ஒருவர் பின்னால் நாற்காலியை நகர்த்துவதும்கூடக் கேட்டது. மேனேஜர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "பரவால்ல தம்பி, முன்னைக்கு இது நல்லாருக்கு" என்றார். என் மனம் கோணக்கூடாதென்று சொன்ன சொல் அது. ஒலியை வலது பக்கம் கூட்டும் குமிழை அவர் கை கடைசிவரை திருப்பியதைப் பார்த்தேன், பார்க்காதது போல் இருந்தேன். போகும்போது பழைய டிஏசியை என் கையில் கொடுத்து, "உன் ரூம்ல வச்சிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் போனது. அவருக்கு நடை தள்ளாடத் தொடங்கியது. ஒரு நாள் தொழிற்சாலை மாடிப்படியில் கால் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் மெல்ல வளர்ந்து மூளையை அழுத்தத் தொடங்கியிருந்தது. அறுவை சிகிச்சையில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காது முழுதாகப் போனது, முகத்தின் வலது பக்கம் தொங்கிவிட்டது. சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால் முகத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக டீச்சர் வார்டு வாசலில் என்னிடம் சொன்னார். "எத்தன நாளா கேக்கலன்னு டாக்டர் கேட்டாரு தம்பி. மிஷின்ல கோளாறுன்னு நெனச்சேன்னு இவரு சொல்றாரு." நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேலை மாறிச் சென்னைக்குப் போனேன். தசாப்தம் முடியும் தறுவாயில் என் கல்யாணப் பத்திரிகையோடு நெல்லித்தோப்புக்கு வந்தேன். மேனேஜர் என்னைத் தன் இடது பக்கம் உட்கார வைத்தார். கோணிய வாயால் சிரித்துக்கொண்டே, "எனக்குக் காது போனப்ப இவன்தான் எனக்காக எவ்ளோ அலைஞ்சான்" என்று டீச்சரிடம் சொன்னார். டீச்சர் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு பத்திரிகையை வைத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயர், நாற்காலி, சுவர், பிரான்ஸிலிருந்து வரவிருந்த பெட்டி, எல்லாம்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியும் தம்பி" என்றார். "நாற்காலியத் திருப்பிப் போட்டியே, அப்பவே தெரிஞ்சுடுச்சு. நீ சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டே உன்னப் பார்த்தேன். நீ செவுருன்ன. புடிச்சிக்கிட்டேன். விடு." என் தோளைத் தட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு லேசானது.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு பேருக்குமே தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

"முணுமுணுக்குறேன் முணுமுணுக்குறேன்னு இவரு சொல்லிச் சொல்லி, எனக்குத்தான் தொண்டையில என்னமோன்னு அப்பவே டாக்டர்கிட்ட போனேன் தம்பி. அவரு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, உங்க தொண்ட நல்லா இருக்கும்மா, வீட்டுல இருக்கறவருக்குக் காது கேக்குதான்னு மொதல்ல பாருங்கன்னாரு." டீச்சர் என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "இவரக் கேட்டா சண்டைக்கு வருவாரு. அதான் உன்ன வந்து கேட்டேன்."

மேனேஜர் தலை நிமிரவில்லை. அவர் மன்னித்தது அவருடைய காதுக்காக மட்டும்தான் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் பத்திரிகையை எடுத்து, தேதியையும் மண்டபத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, மேனேஜர் கையில் கொடுத்தார். பிறகு அடுத்த நோட்டைத் திறந்தார். கல்யாணத்துக்கு மேனேஜர் மட்டும் வந்தார்.