கமிட்டி எடுத்துவிட்ட கேள்வி

உப்பளத்து ஆட்களின் உடல்நலம் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு மாணவி மரக்காணத்துக்கு வந்தார். சின்ன முகம், உப்புக் காற்றில் மங்கிப்போகும் பெரிய கண்ணாடி. எதைக் கேட்டாலும், "இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லிடுங்கண்ணா" என்பார்.

கேள்விகள் யாரையும் புண்படுத்தாது என்று கல்லூரிக் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அதற்கு முன், அஞ்சாவது படித்த எனக்குப் புரிகிறதா என்று வாசித்துக் காட்டினார். கடைசிக் கேள்வி: "உப்பளத்தில் வேலை செய்த யாராவது உங்கள் வீட்டில் இறந்திருக்கிறார்களா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்."

"புரியுதும்மா" என்றேன்.

"பதில் இப்ப வேணாம்ணா. அனுமதி கிடைச்சதும் வர்றேன்."

இதே உப்பளத்தில் வேலை செய்த என் மனைவி இறந்து மூன்று வருடம். அவளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. உப்பு வாரும்போதெல்லாம் பதிலை முணுமுணுத்துப் பார்த்தேன்.

"ஏம்பா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று பக்கத்துப் பாத்திக்காரன் சிரித்தான்.

அடுத்த மாதம் அந்த மாணவி சந்தோஷமாக வந்தார். "அனுமதி குடுத்துட்டாங்கண்ணா! கடைசிக் கேள்விய மட்டும் எடுத்துட்டாங்க. உங்க மனசு கஷ்டப்படுமாம்."

மற்றதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

"வேற ஏதாவது சொல்லணுமாண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா."

நல்ல பெண். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.