சம்சாரத்துக்கும் சேமநிதி உண்டா?

மலேசியாவில், பகாவ் பக்கத்து எஸ்டேட்டுகளில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்ட ஆள் அனுப்பும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளி என் வீட்டுக்காரர். கணக்கு, சம்பளம், லீவு கேட்டு வருகிறவர்களின் பஞ்சாயத்து எல்லாம் என் தலையில்.

மாதா மாதம் அவரோடு மல்லுக்கட்டுவேன்.

“ஆளுங்களுக்கு வயசான காலத்துக்குச் சேமநிதி கட்டணும்ங்க.”

“அடுத்த வாரம் பார்ப்போம்லா.”

அந்த அடுத்த வாரத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன வருடம் சேமநிதி அதிகாரி ஒருவர் வந்தார், மலாய்க்காரப் பெண். அவர் கேட்டதற்கெல்லாம் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண் என்னிடம், “அக்கா, உங்களுக்கு எப்போதிலிருந்து கட்டுறாங்க?” என்று மலாய் மொழியில் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இவங்க வேலையாள் இல்லை, என் சம்சாரம்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். அத்தனை பேருக்காகவும் சண்டை போட்ட எனக்கு, என் பேர் ஒரு நாளும் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

“எனக்குச் சம்பளமே கிடையாது,” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். “இனிமே வேணும்.”

இவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், “எவ்வளவுன்னு நீயே போட்டுக்கோ,” என்றார். அதையும் நான்தான் செய்ய வேண்டியிருந்தது!

ஆனாலும் முதல் சம்பளம் வந்த அன்றுதான், இத்தனை வருடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.