என்ஜினை நிற்கவிடாத மகள்

போரால் பெற்றோல் தடை இருந்த காலம். என் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்வது பெரும்பாடு. ஐந்து வயது மகளை எனக்கு முன்னால் எண்ணெய் டாங்கியின்மேல் இருத்தி ஓடுவதில் எங்கள் இருவருக்குமே தனிச் சந்தோஷம்.

அன்று கொக்குவிலில் போகும்போது ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு வந்தது. பழக்கத்தில் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தேன். பிள்ளையைத் தூக்கவில்லை.

தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தேன். மகள் டாங்கியிலேயே தனியாக இருந்து, அக்சிலேற்றரை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஹெலி போனதும் ஓடிப்போய்த் தூக்கினேன்.

“அப்பா, நான் என்ஜினை நிக்கவிடேல்லை!”

வீட்டில் அதையே பெருமையாகச் சொன்னாள். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

நான் வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்: “பக்கத்திலைதான், அம்மா.”

நான் மறுக்கவில்லை. நான் பயந்தவன் என்பது ஊருக்கே தெரியும். எவ்வளவு பயந்தவன் என்பது மகளுக்கு மட்டும்தான் தெரியும்.